ஏழாம் வகுப்பில் ஒன்பது மாதம்

ஆம்பூர்,
செவ்வாய்க்கிழமை

என் மகள் ஹீனாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அம்மி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகமாக இருக்கிறோம். உன் அப்பாவின் முழங்கால் வலி மட்டும் போகவில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் என்று சென்னையிலிருந்து என் அன்வரி அக்கா போனில் சொன்னாள். நான் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை. அக்கா தன் போனை நீட்டினாலும் எழுந்து மாடிக்குப் போய்விடுகிறாயாம். அதனால் தபாலில் எழுதுகிறேன். பத்தாவது முடித்த பிறகு நான் இவ்வளவு எழுதியதே இல்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் கடிதம் வந்தது. ஸலாம் இல்லை, கீழே பெயர்கூட இல்லை. "பதினொன்றாவது சேர்ந்தபோது நீங்கள் திருப்பத்தூர் ஆபீசுக்கு உண்மையிலேயே போனீர்களா, இல்லையா? அதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்" என்று கேட்டிருந்தாய். நான்கு நாளாக அதை டிபன் பைக்குள் வைத்துக்கொண்டு ஷூ கம்பெனிக்கும் வீட்டுக்கும் நடக்கிறேன்.

போனேன்.

ஜூன் மாதம், ஒரு வியாழக்கிழமை. என் தையல் லைனில் லீவு சொல்லிவிட்டு, வாணியம்பாடியில் பஸ் மாறிப் போனேன். கல்வி ஆபீசில் மதியச் சாப்பாடு வரைக்கும் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பிறகு கண்ணாடி போட்ட ஒரு பெண் கூப்பிட்டு விசாரித்தாள். நான் எதையும் மறைக்கவில்லை. ஆறாவது கவர்மென்ட் ஸ்கூல், ஏழாவது மட்டும் மெட்ரிகுலேஷன், எட்டாவதிலிருந்து திரும்பவும் கவர்மென்ட் ஸ்கூல் என்று சொன்னேன். அந்த ஏழாவதும் முழுசு இல்லை, ஜூனில் சேர்ந்தாள், மார்ச்சில் கொரோனாவுக்கு மூடிவிட்டார்கள், முழுப் பரீட்சைகூட எழுதவில்லை, ஒன்பது மாதம்தான் என்றும் சொன்னேன். அவள் மரியாதையாகத்தான் பேசினாள். "ஒம்போது மாசமோ ஒம்போது நாளோ, ரெகார்டுல ஏழாவது பிரைவேட்னு ஏறிடுச்சேம்மா. ஆறுல இருந்து பன்னெண்டு வரைக்கும் கவர்மென்ட் ஸ்கூல்லயே படிச்சிருந்தாத்தான் மெடிக்கல் சீட்டுல அந்தத் தனி ஒதுக்கீடு. உங்க பொண்ணுக்கு வராது. பொதுப் பட்டியல்ல முயற்சி பண்ணட்டும். அதுக்கு மார்க் ஜாஸ்தி வேணும், இப்பவே சொல்லிடுங்க" என்றாள். ஒரு தாளில் எழுதித் தரட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

அன்று நீ வீட்டு வாசலிலேயே நின்றிருந்தாய். இன்னாம்மி சொன்னாங்க என்று செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டாய். கொரோனா வருஷம் கணக்கில் வராதாம், ஒன்றும் பிரச்சினை இல்லையாம், நீ படி என்று நான் சொன்னேன். நீ என் கழுத்தைக் கட்டிக்கொண்டாய். உன் கேள்விக்குப் பதில் இதுதான். இதோடு நிறுத்தச் சொல்வாய். ஆனால் இதோடு நிறுத்தினால் நான் எழுதியதில் பாதி பொய்.

உன்னை அந்த மெட்ரிகுலேஷனில் சேர்த்தது உன் அப்பா. அப்போது சவூதியில், தம்மாமில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். டை கட்டிக்கொண்டு போட்டோ எடுத்து அனுப்பு என்று உன்னிடம் சொல்வார். அந்த வருஷமே அவர் வேலை போய்த் திரும்பி வந்ததும், உன் டை பீரோவில் தொங்கியதும் உனக்குத் தெரியும். எட்டாவதுக்குப் பழைய ஸ்கூலுக்கே உன்னை நான் கூட்டிப்போனேன். அப்போது இந்த ஒதுக்கீடு பற்றி எங்களுக்கு எதுவும் தெரியாது. அவர் மேல் அந்தப் பழி இல்லை.

ஒன்பதாவதில்தான் சம்பூர்ணம் டீச்சர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். உன்னையும் உன் கிளாஸ் தேன்மொழியையும் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு, இந்த ரெண்டு பொண்ணுங்களும் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜுக்கே போகலாம், நாலு வருஷம் மட்டும் என் கையில கொடுங்க என்றார். நான்கு வருஷத்துக்கும் என்னென்ன படிக்க வேண்டும், எந்த மார்க் வரவேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். அதை ஷூ அட்டைப்பெட்டி மூடியின் உள்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி நான்தான் சுவரில் அடித்தேன். அதற்குப் பிறகு நம் வீட்டில் பண்டிகை, விருந்தாளி, காய்ச்சல் எல்லாம் அந்த அட்டையைக் கேட்டுத்தான் வந்தன. தலை காயும் நேரம் வீணாகிறது என்று உன் முடியைத் தோள் வரைக்கும் வெட்டினேன். தெருவில் எல்லாப் பெண்களின் கைக்கும் நீதான் மருதாணி போடுவாய். கூம்புகளை எடுத்துச் சாக்கடையில் எறிந்தேன். என் தம்பி மகள் பில்கிஸ் கல்யாணத்தன்று உன்னை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது நீ தூங்கவில்லை, அழவும் இல்லை, இரண்டு பாடம் முடித்திருந்தாய். எனக்குப் பெருமையாக இருந்தது.

இதில் பாதிக்கு மேல் திருப்பத்தூர் போய் வந்த பிறகு நடந்தது. கல்யாணமும் அப்படித்தான். உனக்கு அந்த இடம் கிடையாது என்று தெரிந்துகொண்டே பூட்டினேன்.

ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்கவில்லை. நானே எழுதுகிறேன். பத்தாவது ரிசல்ட் வந்த வாரமே வாணியம்பாடியிலிருந்து தன்சீல் அகமதுக்கு உன்னைக் கேட்டு ஆள் வந்தது உனக்குத் தெரியும். லெதர் கெமிக்கல் கடை, சொந்த வீடு, பையனுக்கு உன்னைவிடப் பதினோரு வயது ஜாஸ்தி. உன் அப்பா அவர்களிடம் சொன்னது மட்டும் உனக்குத் தெரியாது. டாக்டர் சீட்டுன்னா ரெண்டு வருஷம் பொறுங்க, இல்லன்னா இந்த பக்ரீத் முடிஞ்சதுமே நிக்காஹ் என்று சொன்னார். திருப்பத்தூரில் கேட்டதை நான் வீட்டில் சொல்லியிருந்தால் நீ பதினொன்றாவதே படித்திருக்க மாட்டாய். அந்தப் பொய்தான் உன்னைப் பதினெட்டு வயது வரைக்கும் வீட்டில் வைத்திருந்தது.

இதை மட்டும் எழுதிவிட்டு நல்லவளாக முடித்துவிடலாம் என்று நேற்று நினைத்தேன். ஆனால் அப்பாவிடம் மறைக்க வேண்டும் என்றால் உன்னிடம் மெதுவாகச் சொல்லியிருக்கலாமே. நீ வாய் திறக்க மாட்டாய். பொதுப் பட்டியலுக்கு வேண்டிய மார்க்குக்குப் படித்திருப்பாய், இல்லை வேறு படிப்புக்காவது தயாராகியிருப்பாய். நான் அதையும் செய்யவில்லை. கம்பெனியில் தண்ணீர்க் குழாயில் பெண்கள் எனக்கு வழி விடுவார்கள், ஹீனா. சூப்பர்வைசர்கூட டாக்டரம்மா என்று கூப்பிடுவார். பதினாறு வருஷம் ஷூ மேல்பாகம் தைத்ததில் எனக்கு ஒருவரும் அப்படிப் பேர் வைத்ததில்லை. உன் முகம் வாடுவதைப் பார்க்கவும் எனக்குத் தைரியம் இல்லை. அல்லாஹ் எப்படியாவது திறந்துவிடுவான், அதற்குள் சட்டம் மாறிவிடும் என்று தொழுகையில் கேட்டுக்கொண்டே இருந்தேன். சம்பூர்ணம் டீச்சரும் அந்த வருஷமே நாட்றம்பள்ளிக்கு மாற்றலாகிப் போனார். கேட்க ஆள் இல்லை.

அட்டையில் எழுதியிருந்த மார்க்கை நீ எடுத்தாய். அதைவிடப் பதினெட்டு ஜாஸ்தியாகவே எடுத்தாய். அது ஒதுக்கீட்டுப் பிள்ளைகளுக்குப் போதும், பொதுப் பட்டியலில் இருந்த உனக்குப் போதாது.

ஒதுக்கீட்டுப் பட்டியலில் உன் பெயர் இல்லாத அன்று நீதான் என்னைச் சென்னைக்கு இழுத்துக்கொண்டு போனாய். ஏதோ தப்பு நடந்திருக்கு, அம்மி போய்ச் சொன்னால் சரிசெய்வார்கள் என்று ரயில் முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தாய். மெடிக்கல் கவுன்சிலிங் ஆபீஸ் கவுண்டரில் இருந்தவர் நீ எழுதிய விண்ணப்பத்தையே திருப்பிக் காட்டி, ஏழாவதுக்கு நேரே விரலை வைத்தார். நான் அவரிடம் சண்டை போட்டேனே, ஏழைப் பிள்ளைன்னா இப்படித்தான் ஏமாத்துவீங்களா என்று கத்தினேனே, எல்லோரும் திரும்பிப் பார்த்தார்களே. நீ என் முந்தானையைப் பிடித்து இழுத்து, விடுங்கம்மி என்றாய். அப்புறம் என் முகத்தைப் பார்த்தாய். அப்போதே உனக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். சென்ட்ரலில் தண்ணீர் வாங்கி வருகிறேன் என்று போனவள் திரும்பவில்லை. அன்வரி அக்கா வீட்டுக்குப் போய்விட்டாய் என்று தெரிய எனக்கு மறுநாள் மதியம் ஆனது.

மணி அடித்துவிட்டது. லைனுக்குப் போகவேண்டும். மீதியைப் பிறகு எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை

செவ்வாய்க்கிழமை எழுதியதை அப்படியே அனுப்பியிருப்பேன். நேற்று நடந்ததால் முடியவில்லை. தேன்மொழியைப் பற்றி எழுதாமல் விட்டிருந்தேன். அதை உன்னிடம் சொல்லும் எண்ணமே எனக்கு இல்லை.

தேன்மொழி ஆறாவது முதல் கவர்மென்ட் ஸ்கூல்தான். ஒருநாள்கூட வேறெங்கும் போனதில்லை. உனக்குக் கணக்கு வராத இடத்தில் அவள் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பாள், நானே டீ போட்டுக் கொடுத்திருக்கிறேன். நான் திருப்பத்தூர் போய் வந்த மறுவாரம் என் லைனிலேயே வேலை செய்கிற அவள் அம்மா ஜோதி சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் வந்தாள். அவர்கள் வீட்டில் பெண்ணை நிறுத்திவிடலாம் என்று பேச்சு. டீச்சரும் போய்விட்டார், எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா, நீ ஆபீஸுக்கெல்லாம் போய் விசாரிச்சவ, என் பொண்ணையும் ஹீனா கூடவே எழுத வைக்கட்டுமா, கிடைக்குமா என்று கேட்டாள். என் கூடப் பொறந்த அக்கா மாதிரி உன்னைத்தான் நம்பறேன் என்றாள்.

நான், ஒரு ஸ்கூலுக்கு ஒரு பொண்ணுக்குத்தான் கொடுப்பாங்களாம் ஜோதி என்றேன்.

அவ்வளவுதான். அவள் மேலே ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அப்ப ஹீனாவுக்கே கிடைக்கட்டும்க்கா, அவ நல்லா வரட்டும் என்று சொல்லிவிட்டு டிபனைக் கழுவப் போனாள். அரையாண்டு லீவுக்குப் பிறகு தேன்மொழி ஸ்கூலுக்கு வரவில்லை. வீட்டிலேயே உட்கார்ந்து ஷூவுக்குக் கைத்தையல் போட்டாள். அவளுக்குப் படிப்பில் ஆசை விட்டுப்போச்சாம் என்று உன்னிடம் சொன்னவள் நான். நீ அவளைப் பார்க்கப் போகிறேன் என்றபோது, படிக்காத பொண்ணோட உனக்கென்ன பேச்சு என்று அட்டையைக் காட்டியவளும் நான். பதினெட்டு முடிந்ததும் அவளைக் கம்பெனியில் சேர்த்துவிடச் சொல்லி ஜோதி கேட்டாள். நான்தான் சூப்பர்வைசரிடம் பேசினேன். இப்போது எனக்கும் ஜோதிக்கும் நடுவில் சொலூஷன் பசை தடவுகிற மேஜையில் நிற்கிறாள்.

ஜோதியிடம் ஏன் அப்படிச் சொன்னேன் என்று நேற்றிலிருந்து யோசிக்கிறேன். இரண்டு பேரும் சேர்ந்து விண்ணப்பம் எழுதினால் உன் ஏழாவது விஷயம் வெளியே வந்துவிடும் என்று பயந்தேன். அது உண்மை. உனக்கு இல்லாதது அவளுக்குக் கிடைத்தால், தினமும் அந்த ஜோதி பக்கத்தில் நான் எப்படி உட்காருவேன் என்று நினைத்தேன். அதுவும் உண்மை.

நேற்று மதியம் ஜோதி ஊறுகாய் மடித்து வந்த பேப்பரைப் பிரித்தாள். அதில் போட்டோ. காவேரிப்பாக்கம் பக்கத்தில் ஒரு கவர்மென்ட் ஸ்கூலில் மூன்று பெண்களுக்கு டாக்டர் சீட்டு. ஒரே ஸ்கூல். மூன்று பேரும் கழுத்தில் மாலையோடு நிற்கிறார்கள். ஜோதி எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். இரண்டு தரம் படித்தாள். பிறகு பேப்பரை என் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் வைத்து, "இன்னாக்கா இது? ஒரு ஸ்கூலுக்கு ஒண்ணுன்னியே?" என்றாள்.

சட்டம் மாறியிருக்கும் என்றேன். பக்கத்தில் கட்டிங்கில் வேலை செய்கிற ஒருத்தி, இல்லையே, என் அக்கா பையனும் அவன் கிளாஸ்மேட்டும் மூணு வருஷம் முன்னாடியே சேர்ந்து போனாங்களே என்றாள். ஜோதி கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். "என் பொண்ணு உனக்கு இன்னாக்கா பண்ணா? உன் வீட்டுல உக்காந்து உன் பொண்ணுக்குச் சொல்லித்தானே கொடுத்தா?" என்று மெதுவாகக் கேட்டாள். அறை முழுக்க எங்களைப் பார்த்தது.

தேன்மொழி கையில் ஒட்டியிருந்த சொலூஷனை உரித்துக்கொண்டே நின்றாள். அவள் என்னைத் திட்டவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "ஹீனாவுக்குத் தெரியுமா, ஆன்ட்டி?"

இதை எழுத எனக்குக் கை வரவில்லை, மகளே.

தெரியும் என்று சொன்னேன். ஹீனாதான் அப்படிச் சொல்லச் சொன்னாள், தனக்குப் போட்டி வேண்டாம் என்றாள், பெற்ற பிள்ளை கேட்கும்போது நான் என்ன செய்வேன் என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகத் திறந்தது. சொன்னதும் அறையில் இருந்த பெண்கள் பார்வை என்னை விட்டு இறங்கியது. எனக்கு மூச்சு வந்தது. ஜோதி, பொண்ணுங்க இந்தக் காலத்துல இப்படித்தான் இருக்குதுங்க என்று சொல்லி, என் தோளைக்கூடத் தொட்டாள். தேன்மொழி அழுதாள். அவள் படிப்பை நிறுத்தின அன்றுகூட அழுததில்லை என்று ஜோதி சொல்வாள்.

சாயங்காலம் கம்பெனி வாசலில் வைத்து தேன்மொழி உன் நம்பர் கேட்டாள். நீ நம்பரை மாற்றிவிட்டாய் என்று அதற்கும் ஒரு பொய் சொன்னேன். அக்கா வீட்டு அட்ரஸ் கேட்டாள். கொடுத்தேன். உனக்கு எழுதப் போகிறாள்.

இன்னொன்று. இது அவசரம். ஞாயிற்றுக்கிழமை உன் அப்பாவும் தன்சீல் அகமதின் பெரியப்பாவும் கார் எடுத்துக்கொண்டு சென்னைக்கு வருகிறார்கள். உன்னைக் கூட்டி வந்து அடுத்த வெள்ளியே நிக்காஹ் முடிப்பதாகப் பேசியாகிவிட்டது. என்னை எதுவும் கேட்கவில்லை. நீ அந்த ரத்தப் பரிசோதனை லேபில் வேலைக்குச் சேர்ந்ததையும், பெண்கள் விடுதியில் இடம் கேட்டிருப்பதையும் அக்கா எனக்குச் சொன்னாள், அவருக்குச் சொல்லவில்லை. சனிக்கிழமைக்குள் விடுதிக்குப் போய்விடு. எந்த விடுதி என்று எனக்கு எழுதாதே. கேட்டால் நான் சொல்லிவிடுவேன். என்னைப் பற்றி எனக்கு இப்போது தெரியும்.

பீரோவைத் திறந்து உன் சர்டிபிகேட் எல்லாவற்றையும் எடுத்து இந்தக் கவரில் வைத்திருக்கிறேன். பத்தாவது, பன்னிரண்டாவது மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ், ஆதார். நீட் ரிசல்ட்டும் இருக்கிறது. உன் அப்பாவுக்குத் தெரியாது. தெரியும்போது என்ன நடக்குமோ அது நடக்கட்டும். தபாலை நம்பாமல், இன்றைக்கே சென்னை போகிற வள்ளியம்மாள் கையில் கொடுத்தனுப்புகிறேன். எங்கள் லைன் மேஸ்திரியின் மனைவி, நல்லவள், பிரித்துப் பார்க்க மாட்டாள்.

நீ எந்தப் படிப்பு படித்தாலும் படி. படிக்காமல் வேலைக்கே போனாலும் போ. இனி உனக்குத் திட்டம் போட எனக்கு வாய் இல்லை. முடியை வளர்த்துக்கொள்.

ஒரே ஒரு விஷயம் மட்டும் கேட்கிறேன். நீ எப்படியும் இந்த ஊருக்கு வரப்போவதில்லை. உனக்கு மெட்ராஸ் இருக்கிறது, வயது இருக்கிறது. எனக்கு இந்த லைன்தான் இருக்கிறது. இன்னும் பன்னிரண்டு வருஷம் ஜோதிக்கும் தேன்மொழிக்கும் பக்கத்தில்தான் நான் உட்கார வேண்டும். உன் அப்பா என்னை வீட்டை விட்டு அனுப்பினாலும் அந்த மெஷின்தான் எனக்குச் சோறு போடும். நீ அவளுக்கு உண்மையை எழுதினால் அங்கே ஒரு நாள்கூட என்னால் இருக்க முடியாது.

தொழும்போதெல்லாம் உன் பெயரைச் சொல்லித்தான் கையேந்துகிறேன். அல்லாஹ் உன்னை நல்லவர்கள் நடுவில் வைக்கட்டும், உன் கண்ணில் தண்ணீர் வராமல் பார்த்துக்கொள்ளட்டும். எனக்காக நீ துஆ கேட்க வேண்டாம். மன்னிக்கவும் வேண்டாம். தேன்மொழியின் கடிதம் வந்தால் மட்டும், ஆமாம், நான்தான் சொல்லச் சொன்னேன் என்று ஒரு வரி எழுதிப் போட்டுவிடு, மகளே.

உன்னைப் பெற்றவள்,
மஹ்பூபி